பட்டப்படிப்புக்கு வாசல் ஒன்றுதானா?

பளையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நெடுந்தூரமன்று. ஏ-9 வீதியில் பஸ் ஏறினால் காலை விரிவுரைக்குச் சென்றுவிடலாம். ஆயினும் அங்கு அரசறிவியல் பயில விரும்பும் மாணவருக்குப் பிரதான வாசல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி ஒன்றே. மூன்று தடவைக்கு மேல் அவ்வாசலைத் தட்டவும் முடியாது.

அந்த மூன்று தடவைகளையும் இடப்பெயர்வுக்குள் தொலைத்தோர் நம்மிடையே பலர். 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சமரோடு ஊரிழந்த பளைப் பிள்ளைகளும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் படித்த முஸ்லிம் பிள்ளைகளும் இவர்களுள் அடங்குவர்.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டு கற்றவர், கற்ற பாடங்கள் கணக்கிலெடுக்கப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். கலிபோர்னியா இதனை 1960இலேயே திட்டமாக்கிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? தொழிற்தகைமை பெற்றோரும் பட்டதாரியாவதற்கென இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகத்தை 2008ஆம் ஆண்டுச் சட்டமொன்று நமது நாட்டிலேயே உருவாக்கியது. ஆனால் அது தொழில்நுட்பத்துக்கான ஏணி, அரசறிவியலுக்கானதன்று.

திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பர். உண்மைதான், உயர்தரம் சித்தியடையாதவரையும் அடிப்படைக் கற்கைநெறி மூலம் அது ஏற்கிறது. எனினும் அங்கு கட்டணம் செலுத்த வேண்டும். உரிய காலத்தில் வென்றவருக்கு இலவசக் கல்வி, போரினால் பிந்தியவருக்குக் கட்டணக் கல்வி என்பது, கன்னங்கராவின் பெயரால் பெருமை பேசும் நாட்டுக்கு அழகன்று.

நாம் கேட்பது பெரிதன்று. யாழ்ப்பாண, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்கள், உயர் தேசிய டிப்ளோமா முடித்தோருக்கு முதலாம் ஆண்டிலேனும் சில இடங்களை நுழைவுப் பரீட்சையுடன் ஒதுக்கலாம். தரம் குன்றிவிடுமெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அஞ்சுமாயின், அப்பரீட்சையைத் தானே நடத்தட்டும்.