பார்ட்ஸ் மாத்துறது வைத்தியம் இல்லை

கொஞ்சம் நீளமான த்ரெட். ரேஸ் காரைப் பத்திதான். ஆனா கார் இல்லாதவங்களும் கடைசி வரை படிங்க.

1. நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய 1300 சிசி பெட்ரோல் செடானை வாங்கி, பின் சீட்டெல்லாம் கழட்டி, ரோல் கேஜ் வெல்டிங் பண்ணி வெச்சிருக்கோம். ட்ராக் டே கிடைக்கும்போது கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஓட்டுவோம். பரிசு, ஸ்பான்சர் எதுவும் கிடையாது. செலவு முழுக்க எங்க பாக்கெட்.

2. போன வருஷம் வண்டிக்கு ஒரு வியாதி வந்துச்சு. மெதுவா போனா அருமை. மெயின் ஸ்ட்ரெய்ட்ல ஆக்சிலேட்டரை முழுசா அழுத்தி 5500 ஆர்.பி.எம். தாண்டினா மூச்சு வாங்கும். காலை லேசா எடுத்தா மறுபடி இழுக்கும்.

3. பார்த்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொன்னாங்க. பிளக் மாத்து, பிளக் வயர் மாத்து, பெட்ரோல் பம்ப் மாத்து, இன்ஜெக்டர் கிளீன் பண்ணு, ஈ.சி.யூ. ரீமேப் பண்ணு. ஒண்ணு விடாம செஞ்சோம். 40,000 ரூபாய் போச்சு. வியாதி போகல.

4. அடுத்த ட்ராக் டேல, மதிய செஷன்ல, பின்னாடி பெரிய புகை. ட்ராக்ல எங்க ஆயில் கொட்டி, பின்னால வந்த பையன் வண்டி சுத்திப் புல்லுக்குள்ள போயிடுச்சு. அவனுக்கு அடி எதுவும் இல்லை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பிரிச்சுப் பார்த்தா மூணாவது சிலிண்டர் பிஸ்டன் ஓரம் உருகியிருந்துச்சு.

5. காய்ச்சல்னு வர்ற எல்லாருக்கும் பரிசோதனை இல்லாம ஆன்டிபயாடிக் எழுதறதை வருஷக்கணக்கா கண்டிச்சுட்டு வர்றவன் நான். என் வண்டிக்கு நானே அதைத்தான் செஞ்சிருக்கேன்.

6. புது பிஸ்டன் போட்டு எஞ்சினை இறக்கினோம். அதே மூச்சுத்திணறல்! அப்பதான் ஒரு பெரியவர்கிட்ட போனோம். பழைய மெக்கானிக். பானட்டைத் திறக்கவே இல்லை. அரை மணி நேரம் கேள்வி மட்டும்தான். எந்த கியர்ல? நேர்லயா, வளைவுலயா? சூடான பிறகா, எடுத்த உடனேவா? டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது? கடைசியா இது எப்போ நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் வண்டியில என்ன கை வெச்சீங்க?

7. இதைத்தான் நாங்க 'ஹிஸ்டரி' எடுக்கறதுன்னு சொல்வோம். ஒவ்வொரு பதிலுக்கும் அர்த்தம் உண்டு. வளைவுல மட்டும் அடைச்சா டேங்க்ல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்குதான்னு பார்க்கணும். சூடானா மட்டும் வந்தா இக்னிஷன் காயில், சென்சார் மேல சந்தேகம் வரும். முழு ஆக்சிலேட்டர்ல, உயர் ஆர்.பி.எம்.ல மட்டும்னா காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூணுல ஒண்ணு பத்தல.

8. சில நேரம் நோயே இருக்காது. காலையில 25 டிகிரி, மதியம் 40 டிகிரின்னா காற்றோட அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறையும். எஞ்சின் பவரும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். அது இயற்பியல். அதுக்கு எந்தக் கடையிலயும் பார்ட்ஸ் கிடைக்காது.

9. அடுத்தது பரிசோதனை. காசில்லாததுல ஆரம்பிக்கணும்.

🔹ஒருத்தர் பெடலை முழுசா அழுத்த, இன்னொருத்தர் த்ராட்டில் முழுசா திறக்குதான்னு பார்க்கணும். கேபிள் தளர்ந்திருந்தா பாதி பவர் அங்கேயே காணாம போயிடும்.

🔹ஏர் பில்டர், எக்ஸாஸ்ட் அடைப்பு பார்க்கணும்.

🔹பிளக்கைக் கழட்டி நிறம் பார்க்கணும். இளம் பழுப்பு நல்லது. கரி படிஞ்சா பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளம் விட்டா பெட்ரோல் பத்தல, சூடு அதிகம்.

🔹கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா காட்டணும். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். ஏறினா ரிங் தேய்மானம். ஏறலன்னா வால்வு இல்லைன்னா ஹெட் கேஸ்கெட்.

🔹பெட்ரோல் பிரஷர். இதை ஐடில்ல மட்டும் பார்த்தா போதாது, லோடுல பார்க்கணும். படுத்திருக்கும்போது ஈ.சி.ஜி. நார்மலா இருக்கறவருக்கும் ட்ரெட்மில்ல மாற்றம் தெரியுதே, அதே கதைதான்.

10. எங்க வண்டியில முதல் நாலும் சரி. கேஜை விண்ட்ஷீல்டுக்கு வெளிப்பக்கமா டேப் போட்டு ஒட்டி ஓட்டினோம் (பெட்ரோல் கேஜை கேபினுக்குள்ள கொண்டு வரவே கூடாது). ஐடில்ல 3 பார். ஸ்ட்ரெய்ட்ல 2 பாருக்குக் கீழ! ஆனா பம்ப் புதுசு. பெரியவர் வோல்ட் மீட்டரை எடுத்தார். பேட்டரியில 13.8 வோல்ட். பம்ப் முனையில 10.4.

11. "ரோல் கேஜுக்கு பெயின்ட் அடிச்சப்ப இந்த எர்த் போல்ட்டைக் கழட்டினீங்களா தம்பி?"ன்னு கேட்டார். ஆமா, கழட்டினோம். பெயின்ட் மேலயே திரும்ப மாட்டிட்டோம். கரன்ட் சரியா போகல. பம்ப் முழு வேகத்துல சுத்தல. ஐடில்ல தேவை கம்மிங்கறதால வெளிய தெரியல. முழு லோடுல பெட்ரோல் பத்தாம எஞ்சின் லீனா எரிஞ்சிருக்கு. ரீமேப்ல இக்னிஷன் டைமிங்கை வேற முன்னாடி தள்ளியிருந்தோம். பிஸ்டன் உருகினதுக்கு அது போதும்.

12. வைத்தியம்: பெயின்ட்டைச் சுரண்ட ஒரு உப்புத்தாள், ஒரு புது போல்ட். 50 ரூபாய்கூட ஆகல. அன்னைக்கே 6500 வரை சுத்தமா இழுத்துச்சு.

13. "ரேஸ் அன்னைக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது டாக்டர்?"னு கேப்பீங்க. நியாயம்தான். நல்லா இருக்கற பார்ட்டை மாட்டிப் பார்க்கறதும் ஒரு டெஸ்ட்தான். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. பலன் இல்லைன்னா பழசைத் திரும்ப மாட்டணும். நோட்டுல எழுதணும். அஞ்சையும் ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. சரியாகலன்னா புதுசா எதைக் கெடுத்தோம்னும் தெரியாது.

14. என் கருத்து இவ்வளவுதான். அளக்காம மாத்துறதுல பணம் மட்டும் போகல. அன்னைக்கு ஒரு பையன் உயிரும் போயிருக்கலாம். மெக்கானிக் "இதை மாத்தணும்"னு சொன்னா, "எதை அளந்து பார்த்தீங்கண்ணா?"ன்னு மரியாதையா கேளுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவார்.

கிளினிக்ல நான் மருந்து எழுதும்போது என்கிட்டயும் அதே கேள்வியைக் கேளுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.