ஆசிட் ஃப்ரீ தாளும் வெளுத்துப்போன நீலமும்

சயனோடைப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, காயவைத்து, மேலே ஒரு இலையையோ நெகட்டிவையோ வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலப்படம் ரெடி. 1842-ல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் பதிந்து புத்தகமாகப் போட ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு எளிமையான விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் கவிழ்வது எங்கே தெரியுமா? தாளில். கவிழ்ப்பது ஒரே ஒரு அறிவுரை: "நல்ல வாட்டர்கலர் பேப்பரா, ஆசிட் ஃப்ரீயா பார்த்து வாங்குங்க, போதும்."

போதவே போதாது!

ஆசிட் ஃப்ரீ என்று அட்டையில் அச்சடித்த தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட், அதாவது சாக்பீஸ் சுண்ணாம்பு, கலந்திருக்கும். நாளாக ஆக அமிலம் சேர்ந்து தாள் பழுப்பாகி நொறுங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. புத்தகத்துக்கும் பென்சில் ஓவியத்துக்கும் நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சயனோடைப்பின் நீலம் ப்ரஷ்யன் ப்ளூ. லேசான அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. சுண்ணாம்போ காரம். வெயிலில் வெளுத்த நீலம் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். காரம் தின்ற நீலம் வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே அறிவுரையைச் சொல்கிற பயிற்சி வகுப்புகள் அடுத்த பாடமாக, படத்தைச் சலவைச் சோடாவில் போட்டு நீலத்தை வெளுக்கவைத்துத் தேநீரில் சாயமேற்றக் கற்றுத் தருகின்றன. சோடாவில் நொடிகளில் வெளுக்கிற நீலம் சுண்ணாம்புத் தாளில் மட்டும் சிரஞ்சீவியாக இருக்குமா என்ன?

படம் மங்கினால் பழி யார் மேல்? மாணவன் மேல். "பூசத் தெரியல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பூச்சில் தப்பு நடக்காமல் இல்லை. பிரஷ்ஷின் இரும்புப் பட்டை கரைசலில் பட்டால் நீலப் புள்ளி விழும். அதற்குத்தான் கண்ணாடிக் குச்சியோ உலோகம் இல்லாத பிரஷ்ஷோ. அரைகுறையாகக் காய்ந்தாலும் கெடும். ஆனால் பூச்சின் தப்பு அன்றைக்கே கண்ணில் படும். தாளின் தப்பு, படம் சுவரில் ஏறிய பிறகுதான் தெரியவரும். காசும் போய், உழைப்பும் போய்...

அட்கின்ஸ் காலத்துத் தாளுக்கு ஜெலட்டினும் படிகாரமும் போட்டார்கள். படிகாரத்தில் அமிலத்தன்மை உண்டு, நீலத்துக்குத் தோதாக அமைந்தது. இன்றைக்கு ஆர்ஷ் ப்ளாட்டின், ஹானமூலே ப்ளாட்டினம் ராக் போன்ற சுண்ணாம்பில்லாத தாள்கள் இருக்கின்றன. விலை கல்லூரி பர்ஸுக்கு ஒத்துவராது என்பது நியாயமான புலம்பல்தான். வழி இருக்கிறது. தாளின் ஓரத்தில் ஒரு துளி நீர்த்த அமிலம் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. கையுறை மாட்டிக்கொண்டு 10% சல்பாமிக் அமிலத்தில் குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்தால் அந்தத் தாளும் உதவும். பிறகு ஒரு கீற்றில் மட்டும் பூசி இருட்டில் காயவிடுங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக நின்றால் சரி. வெயில் படும் முன்பே நீலம் தட்டினால் அந்தத் தாள் ஆகாது.

ஒரு துளி அமிலம், ஒரு கீற்றுத் தாள். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிஷம் ஆகாது. கட்டணம் வாங்கி வகுப்பெடுக்கிறவர்கள் அந்த ஐந்து நிமிஷத்தை முதலில் கொடுக்கட்டும். "பூசத் தெரியல" என்பதை அப்புறம் சொல்லலாம்.