கன்றைச் சுற்றியும் பார்ப்போம்

காடு மீளமைப்பு அறிக்கைகளில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: செழித்து நிற்கும் கன்று, பக்கத்தில் நட்டவர், பின்னால் பசுமை. பட்டுப்போன கன்றும், ஓரத்தில் மீண்டும் தழைத்த உண்ணிச்செடிக் களையும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கேமரா ஒரு பக்கம்தான் பார்க்கும். எந்தப் பக்கம் என்பதை நாம் முடிவு செய்கிறோம். 360 டிகிரிப் படம் அந்த முடிவை நம் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. மேல்விதானம் முதல் காலடிச் சருகு வரை எல்லாம் ஒன்றாகப் பதிகின்றன. இன்று கேட்கத் தோன்றாத கேள்விக்கும் பத்தாண்டு கழித்து அதில் விடை தேடலாம்.

ஆனால் படம் கணக்கெடுப்புக்கு மாற்றாகாது. ஆஸ்திரேலியாவின் ஆஸ்பிளாட்ஸ் என்ற தாவரக் கணக்கெடுப்பு முறையில் ஒரு ஹெக்டேர் நிலத்தின் நடுவே மூன்று புள்ளிகளிலிருந்து முழுவட்டப் படம் எடுக்கிறார்கள். அதே நிலத்தில் 1,010 புள்ளிகளில் என்ன தாவரம் இருக்கிறது என்று நடந்து பதிவுசெய்கிறார்கள். செடி மாதிரிகளும் சேகரிக்கிறார்கள். வெடிப்பலா மரத்தின் கன்றை வேறு கன்றிலிருந்து பிரித்தறிய இன்னமும் கண்ணும் கையும் வேண்டும்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் நடந்துவரும் மீளமைப்பு குறித்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. நட்டு வளர்த்த இடங்களை, தானாக மீளவிட்ட இடங்களோடும் சிதையாத காட்டோடும் ஒப்பிட்டதுதான் அதன் வலிமை. நம் படப் புள்ளிகளும் இம்மூன்று வகை இடங்களிலும் இருக்க வேண்டும். நட்ட இடத்தை மட்டும் படம் பிடித்தால், நல்ல மழை செய்த வேலையும் நம் கணக்கில் சேர்ந்துவிடும்.

புள்ளியைத் தேர்வதில் அவசரம் கூடாது. கன்றுகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவை வைத்தால், சில மழைக்காலங்களுக்குள் அதை ஒட்டி வளர்ந்த இலைகளே காட்சியை மறைத்துவிடும். 360 டிகிரி கேமராவின் இரண்டு வில்லைகளின் படங்களும் இணையும் இடத்தில் அருகிலுள்ள கிளை உடைந்தும் தெரியும். ஆகவே கன்று நடாத சிறு திட்டை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நல்லது. முடியாவிட்டால் ஒரே புள்ளியில் இரண்டு உயரங்களில் எடுக்கலாம். அடர்ந்த விதானத்தின் கீழ் ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகும். கல்லோ இரும்புக் கம்பியோ நட்டு அடையாளமிடுங்கள். கேமராவின் உயரமும் அது வடக்கு நோக்கி நிற்பதும் ஆண்டுதோறும் மாறக்கூடாது, பருவமும் அப்படித்தான்: மழை முடிந்த பசுமையைக் கோடை வறட்சியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. விதான அடர்த்தியைக் கணக்கிட நினைப்பவர்கள் மேகமூட்டமான நேரத்தில் எடுக்க வேண்டும். வெயில் வானத்தில் மெல்லிய இலைகள் வெளுத்து மறைந்துவிடும்.

முதல் படம், உண்ணிச்செடியை வெட்டுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். அது தவறினால் எதோடு ஒப்பிடுவது? திட்ட நிதி பெரும்பாலும் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. காடு அதற்குப் பிறகுதான் உருவம் கொள்ளத் தொடங்குகிறது. எனவே செலவுத் திட்டம் எழுதும்போதே, பத்தாம் ஆண்டுப் படத்தை எடுப்பவர் யார், மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கும் என்பதையும் தொகையோடு எழுதிவிடுங்கள்.