கொள்கைகளை எடைபோடும் ஆற்றல் சிவில் சமூகத்திற்கு வேண்டும்

அரசாங்கம் வகுக்கும் கொள்கையொன்று தவறானது என்பதை அதன் விளைவுகளை அனுபவித்த பின்னரே அறிந்துகொள்வது இந்நாட்டு மக்களின் தலைவிதியாகிவிட்டது. அண்மைக்கால வரலாறு இதற்கு இரு கசப்பான சான்றுகளைத் தந்துள்ளது.

கொவிட்-19 தொற்றினால் மரணிப்போரின் உடல்களை எரித்தல் 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் கட்டாயமாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்கள் நல்லடக்கத்தையும் அனுமதித்திருந்தன. அவ்வாறிருந்தும் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு எதனைத் திருப்பித் தரும்?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ச்சியடையும் என விவசாய விஞ்ஞானிகள் முன்கூட்டியே எச்சரித்தனர். நவம்பரில் தடை தளர்த்தப்பட்ட போதிலும் பெரும்போகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 2022 ஜனவரியில் 40 பில்லியன் ரூபா நட்டஈட்டை அறிவிக்கும் நிலைக்கு அரசாங்கம் தள்ளப்பட்டது.

இவ்விரு விடயங்களிலும் எதிர்ப்புக்குக் குறைவிருக்கவில்லை. துறைசார் அறிவும் நாட்டில் இருந்தது. ஆனால், தீர்மானத்திற்கான ஆதாரத்தை உரிய வேளையில் கேட்டுப் பெற்று, அதனை ஆராய்ந்து, மக்கள் முன் வைக்கும் அமைப்பு ரீதியான வல்லமை சிவில் சமூகத்திடம் போதியளவு இருக்கவில்லை என்பதே எமது கணிப்பாகும்.

இதற்கான சட்டக் கருவி எம்மிடம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதியிலான கருத்திட்டங்களையும், ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியிலான கருத்திட்டங்களையும் ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே உரிய அமைச்சர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். தகவல் கோரும் விண்ணப்பமொன்றுக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வழங்கப்படவும் வேண்டும். இந்த ஏற்பாடுகளை எமது கமக்காரர் அமைப்புகளும், மாதர் சங்கங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும் எந்தளவுக்குப் பயன்படுத்துகின்றன?

மகஜர் கையளிப்பதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு, செலவு எவ்வளவு, ஆதாரம் என்ன என்ற நான்கு கேள்விகளையேனும் ஒவ்வொரு திட்டத்தின் மீதும் எழுப்பும் பயிற்சி கிராம மட்டத்திலேயே ஆரம்பமாக வேண்டும். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கல்வியாளர்கள் இதற்குத் தோள்கொடுக்க முன்வர வேண்டும்.

அரசாங்கத்திற்கும் இதில் பொறுப்புண்டு. கொள்கை வரைவுகள் தமிழில் உரிய காலத்தில் கிடைக்காவிடின், மக்களிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்காகவே அமையும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். பறிகொடுத்த பின்னர் கிடைக்கும் நட்டஈடும் மன்னிப்பும் முன்கூட்டிய விழிப்புக்கு ஒருபோதும் ஈடாகமாட்டா என்பதைச் சகல தரப்பினருக்கும் வலியுறுத்த விரும்புகின்றோம்.