கண்ணாடிக் கட்டடமும் ஒரு வரவு செலவுக் கணக்கும்

திருவிடைமருதூர்ப் பையன் சென்னைக்குப் போனால் முதலில் எதைப் படம் பிடிக்கிறான்? பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களை! அதில் மேகம் மிதக்கிறதாம், எதிர்க் கட்டடம் நெளிகிறதாம். ஆஹா, ஓஹோ!

சரி, அந்தக் கண்ணாடி திருப்பி அனுப்புவது மேகத்தை மட்டும்தானா? வெயிலையும்தான். 2013ல் லண்டன் ஃபென்சர்ச் தெருவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு குழிவான கண்ணாடிக் கட்டடம், பக்கத்தில் நிறுத்தியிருந்த காரின் பாகங்களையே உருக்கிவிட்டது. லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி!

குளிர்நாட்டுக்காரன் கதகதப்புக்குக் கண்ணாடி வைக்கிறான். சென்னையில் எதற்கு? உள்ளே புகுந்த சூட்டை விரட்ட ஏசி. ஏசி கக்கும் சூடு தெருவுக்கு. வாடகை வரவு உரிமையாளருக்கு, வெக்கைச் செலவு பஸ்ஸுக்கு நிற்பவருக்கு. எந்த ஊர்க் கணக்கு ஐயா இது?

"வெளிச்சம் வருதே, கரண்ட் மிச்சம்தானே" என்பார்கள். வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். சுவர் முழுக்கக் கண்ணாடி எதற்கு?

ஊர்க் கோயில் குளமும்தான் பிம்பம் காட்டுகிறது. ஆனால் அது சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டியவர்கள் வெயிலைத் தெருவில் போகிறவன் தலையில் தள்ளிவிடவில்லை. அவன் உட்கார நிழல் கொடுத்தார்கள்.

படம் பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கீழே வேர்த்து நிற்கும் அந்த பஸ் ஸ்டாப்பையும் சேர்த்துப் பிடிக்கட்டும்.