கேக் என்றால் கடையில்தான் வாங்கணுமா?

என் தம்பி பிறந்தநாளுக்கு எங்கம்மா வீட்டிலேயே எலுமிச்சை கேக் செஞ்சாங்க. மிச்சத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். "ரோஸ் பூவே இல்ல, இட்லி மாதிரி இருக்கு"ன்னு சிலர் சிரிச்சாங்க. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்க வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் உப்பைப் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல், வெயிட்டையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம். எலுமிச்சம்பழம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கியது. தோலில் மஞ்சளை மட்டும் துருவணும். உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். மாவில் சாற்றை விட்டதும் ஆப்ப சோடா நுரைத்துப் பொங்கியது. வேதியியல் பாடத்தில் படிக்கும் கார்பன் டை ஆக்சைடு அதுதான்! நாலு நாள் சேர்த்த பாலாடையில் சர்க்கரைப் பொடி போட்டு அடித்து, கடைசியில் கொஞ்சம் சாறு. சூடாக இருந்தால் திரிஞ்சிடும், ஜாக்கிரதை.

கடை கேக்கில் பூவாக நிற்கும் வெள்ளை க்ரீம் பல இடங்களில் பாலே இல்லை, தாவர எண்ணெய்க் கொழுப்பு. பார்க்க அழகு, ஒத்துக்கிறேன். ஆனால் பாலாடையும் புளிப்பும் சேரும் ருசி அதில் வராது.

சிரித்தவர்களில் மூணு பேர் இரண்டாவது துண்டு கேட்டார்கள். டப்பா காலி!

- 9-ஆம் வகுப்பு மாணவன்