வயிற்றளவா, பகட்டளவா?

பிறந்தநாள் கொண்டாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. வேந்தனின் பிறந்தநாட் பெருமங்கலத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியலே கூறுகின்றது. புதிதாய் வந்தது ‘கேக்கு’ எனும் அணிச்சல். அதனினும் புதிது, அதன் எடையில் காட்டும் பகட்டு.

ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலைகளில் நாள்முழுதும் உழைக்கும் தாய்மார் பல்லாயிரவர். அவருள் ஒருத்தி தன் மகளின் பிறந்தநாளுக்காக வெதுப்பகத்தின் முன் நிற்கின்றாள் எனக் கொள்க. வரவிருக்கும் குழந்தைகள் 20 பேர். உடன்வரும் பெரியோர் 10 பேர். பக்கத்து வீட்டார் மூன்று கிலோ வெட்டினர் என்னும் ஒரே எண்ணம் அவளைக் கடனுக்கு இழுக்கின்றது.

கணக்கோ எளிது. ஆளுக்கு 50 கிராம் துண்டு போதும். குழந்தைகட்கு ஒரு கிலோ. பெரியோர்க்கு அரைக் கிலோ. ஆக, ஒன்றரைக் கிலோ. மேலும் வாங்கும் ஒன்றரைக் கிலோ யாருக்கு? முகத்தில் அப்பிக் களிக்கவும், மறுநாள் கெட்டபின் குப்பையில் கொட்டவுமா அவள் கூலி?

குழந்தை விரும்புவது எடையையன்று. தோழியர் அனைவர்க்கும் தன் கையால் ஒரு துண்டு ஊட்டும் மகிழ்ச்சியையே! அம்மகிழ்ச்சிக்கு ஒன்றரைக் கிலோவே மிகுதி. துண்டொன்றுடன் வீட்டில் பிடித்த எள்ளுருண்டை ஒன்றும் வைத்தால் விருந்து நிறைந்துவிடும். எஞ்சும் பணத்தில் அம்மகள் கையில் நல்ல தமிழ்நூலொன்று இருக்கட்டும். அணிச்சல் அன்றே தீரும். நூல் அடுத்த பிறந்தநாளிலும் இருக்கும்.

வருவோரை எண்ணி வாங்குக. ஊரார் கண்ணை எண்ணி வாங்கற்க!